இரண்டு நூல் இடம்

தாணுமாலயம் பிள்ளைக்குத் தளர்வு என்பது ஆகவே ஆகாது. ஊறுகாய் ஜாடியை அவர் ஒருதரம் மூடி வைத்துவிட்டால் அப்புறம் சிவகாமியம்மாள் அதைத் திறக்கப் படும் பாடு சொல்லி முடியாது. துணி காயப்போடும் கொடியைக்கூட அவர் கட்டினால் அது விண்ணென்று நிற்கும். இரண்டு மாதத்தில் சுவரிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். ஆணியைத் திட்டிவிட்டு முன்னிலும் இறுக்கமாகக் கட்டுவார். இப்படிப்பட்ட மனிதருக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்த உத்தியோகம், ஜன்னல் சட்டம் வரைவது.

சுசீந்திரத்துப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் திருவனந்தபுரம் வந்தவர். கரமனையில் பூதலிங்கம் பிள்ளையின் மரப்பட்டறையில் படம் வரைபவராகச் சேர்ந்து, மேற்பார்வையும் அவர் தலையில் விழுந்து, அப்படியே நாற்பத்தைந்தைத் தொட்டுவிட்டார். நாடு விடுதலையான வருஷத்து மழையில் ஊரில் பாதி ஜன்னல்கள் ஒழுகியபோது, இவர் வரைந்து போட்ட ஒரு வாசகசாலை ஜன்னல்களில் மட்டும் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. அன்றைக்குப் பிடித்தது பெருமை. ‘தாணு போட்ட ஜன்னலா, காற்று நுழையாது’ என்று சாலைக் கடைத்தெரு இரும்புக்கடைக்காரர்கள் வரை சொன்னார்கள். அவரும் அதைக் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டு போவார்.

அந்தப் பெயரைக் காப்பாற்ற அவர் ஒரு பரீட்சை வைத்திருந்தார். போன வருஷத்துப் பஞ்சாங்கத்தைக் கிழித்து, விரல் அகலத்தில் துண்டுகளாக வெட்டிச் சட்டைப் பையில் போட்டிருப்பார். ஜன்னலில் கண்ணாடி மாட்டி முடிந்ததும் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு துண்டை நுழைத்துப் பார்ப்பார். நுழைந்துவிட்டால் தீர்ந்தது. கண்ணாடியை ஒட்டவைத்த மக்கைச் சுரண்டி, ஓரக் கட்டையைக் கழற்றி, மறுபடியும் முதலிலிருந்து. பட்டறையில் இதற்குப் பஞ்சாங்கப் பரீட்சை என்றே பெயர். அதில் ஒருதரமும் தோற்காத ஆசாரி ஒருவர்தான் இருந்தார். அவர் சுவாமிதாஸ்.

சுவாமிதாஸுக்குப் பாறசாலைக்குப் பக்கத்தில் வீடு. மனைவி தாசம்மாள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், வாரநாளில் பட்டறை, இவ்வளவுதான் அவர் உலகம். பேச்சு குறைவு. மரத்தையோ கண்ணாடியையோ கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். அவர் கை சொன்னால் சரி என்று பிள்ளையே பலதரம் ஒப்புக்கொண்டதுண்டு. ஒரே ஒருதரம் ஒப்புக்கொள்ளவில்லை.

1951 கடைசியில் பேட்டைப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனி குளிர் அறை கட்டியது. தடுப்பூசி மருந்துகளைப் பனிக்கட்டிக் குளிரில் வைக்கும் அறை. கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்பதால், உள்ளே தொங்கும் வெப்பமானியை வெளியிலிருந்தே படிக்க மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல். அதற்கென்று கப்பலில் வந்த கண்ணாடியை அதுவரை இந்த ஊர் பார்த்ததில்லை. இரண்டு கண்ணாடிகளைச் சிறு இடைவெளி விட்டுச் சேர்த்து, நடுவில் உலர்ந்த காற்றை அடைத்து, நாலு ஓரமும் உலோகப் பட்டை ஒட்டி மூடியிருந்தார்கள். மரப்பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே அப்படி மூன்று இருந்தன. மாட்ட ஒன்று, உடைந்தால் மாற்ற இரண்டு. கூடவே இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாள்.

பிள்ளை அந்தத் தாளை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். சுற்றிலும் கால் அங்குலம் இடம் விடு, மெத்தென்ற ஏதாவது ஒன்றில் உட்காரவை, இறுக்காதே என்று எழுதியிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. சீமைக்காரனுக்கு ஜூன் மாதத்து இடவப்பாதி மழை எங்கே தெரியும்? பென்சிலை எடுத்து ஓரத்தில் ‘நம் ஊருக்கு வேண்டாம்’ என்று எழுதி, தாளை மடித்துக் கோப்பில் வைத்துவிட்டார். அவர் வரைந்த சட்டம் தேக்கில் ஆனது. நாலு பக்கமும் கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும். ஈயச்செந்தூரம் கலந்த மக்கு. காய்ந்தால் கல்தான்.

பெட்டியைத் திறந்த அன்று மத்தியானம், வெயிலில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியைத் தடவிக்கொண்டே சுவாமிதாஸ் கூப்பிட்டார்.

“சாரே, ஒண்ணு இங்க வாங்க. இத ஒண்ணு தொட்டுப் பாருங்க.”

“என்னத்துக்கு?”

“காலம்பற பாத்தப்பம் பலகை மாதிரி நெரப்பா இருந்து. இப்பம் நடுவில பொருமி நிக்குது. எனக்க கைக்குத் தெரியுது.”

“கண்ணாடி பொருமுமா ஓய்? அதென்ன அப்பளமா?”

பட்டறையே சிரித்தது. சுவாமிதாஸ் சிரிக்கவில்லை.

“அதில்ல சாரே. சட்டத்துல சுத்திலும் ஒரு ரெண்டு நூல் இடம் விட்டா என்னா?”

தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். இங்கிலீஷ் தாளில் இருந்த அதே அளவை, இங்கிலீஷில் ஓரெழுத்தும் தெரியாத மனிதர் தன் உள்ளங்கையை வைத்துச் சொன்னார். பிள்ளைக்கு அது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. உறைத்திருந்தால் கோபம்தான் அதிகமாகியிருக்கும்.

“இடம் விட்டா மழை வரும். மழை வந்தா கம்பெனிக்காரன் வருவான். பொறவு பூதலிங்கம் அண்ணாச்சி வருவாரு. மூணு பேருக்கும் நீரா பதில் சொல்லப்போறீரு? படத்துல உள்ளபடி செய்யும்.”

“செரி சாரே” என்றார் சுவாமிதாஸ். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் கண்ணாடி பஞ்சாங்கப் பரீட்சையில் தேறியது. ஒன்பதாம் நாள் விளிம்பிலிருந்து நடுவரை ஒரு கீறல் ஓடியிருந்தது. திருகாணி எங்கேயோ உரசியிருக்கும் என்று முடிவு கட்டினார்கள். இரண்டாவதைப் பிள்ளையே பக்கத்தில் நின்று மாட்ட வைத்தார். முதலில் கொடுத்த இறுக்கம் போதவில்லை என்பது அவர் எண்ணம். இன்னும் இரண்டு திருகாணி அதிகமாகப் போடச் சொன்னார். அது ஒரு மாதம் தாங்கிற்று. 1952 மார்ச்சில் கீழ் மூலையில் அதுவும் விரிந்துவிட்டது. கம்பெனி அதிகாரி காச்மூச்சென்று கத்தினார். மருந்து கெட்டுப்போகும், இன்றே மாற்ற வேண்டும் என்றார்.

அன்று பிற்பகல் மூன்று மணி. மேற்கு வெயில் நேராக ஜன்னலில் அடித்தது. சுவாமிதாஸ் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு உளியைக் கீழே வைத்தார்.

“வெயில் சாஞ்ச பொறவு எடுப்போம் சாரே. இது இப்பம் வெறைச்சுக்கிட்டு நிக்குது.”

“அந்த மனுசன் அங்க குதிச்சிட்டு நிக்கான். நீரு வெயிலுக்கு நாள் பாக்கேரு. எடும் ஓய்!”

சுவாமிதாஸ் உளியை எடுத்தார். கல்லாய் இறுகியிருந்த மக்கை உடைக்க முகத்தைச் சட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெல்லத் தட்டினார். மூன்றாவது தட்டோ நான்காவதோ, பட்டென்று ஒரு சத்தம். கண்ணாடி கீழே விழவில்லை, முகத்தில் பாய்ந்தது. “கர்த்தாவே” என்று ஒரே ஒருதரம் கூப்பிட்டார் சுவாமிதாஸ். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விரல் இடுக்கு வழியே ரத்தம் வந்தது. பிள்ளை வண்டி பிடிக்க ஓடினார்.

இரண்டு கண்ணும் போயிற்று. டாக்டர் ஆன மட்டும் பார்த்தார்.

பத்தாம் நாள் பூதலிங்கம் பிள்ளை ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார். வேலையாளின் கைப்பிசகால் நேர்ந்த விபத்து என்று அதில் எழுதியிருந்தது. மேற்பார்வையாளர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

“இதுல ஒப்புப் போடும் தாணு. அவனே ஆஸ்பத்திரியில சொல்லியாச்சு, எனக்க கைதான் பிசகியிருக்கும்னு. நாம புதுசா ஒண்ணும் சொல்லல்ல.”

தாணுமாலயம் பிள்ளை கையெழுத்துப் போட்டார். அயோக்கியத்தனமாகப் போட்டார் என்று சொல்ல மாட்டேன். அப்படித்தான் நடந்திருக்கும் என்று பாதி நம்பினார். மீதிப் பாதியை நம்ப விரும்பினார். தன் படத்தில் தப்பு இருக்காது என்ற இறுமாப்பு ஒரு மனிதனை எதையும் நம்பவைத்துவிடும்.

மிச்சம் ஒரே கண்ணாடி. அதையும் உடைத்தால் கப்பலில் வேறு வருவதற்குள் வருஷம் ஆகிவிடும். ஆகையால் பிள்ளை அதை உடனே இறுக்கவில்லை. ஜன்னல் வாயில் மரத்துண்டுகள் முட்டுக் கொடுத்துச் சும்மா நிறுத்தி வைத்து ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ‘பொருமி நிக்குது’ என்ற குரல் காதிலேயே இருந்தது. இரும்பு அளவுகோலைக் கண்ணாடியின் குறுக்கே வைத்துப் பார்த்தார். காலை ஏழு மணிக்கு அளவுகோல் முழுக்கப் படிந்தது. அதனடியில் பஞ்சாங்கத் துண்டு எங்கேயும் நுழையவில்லை. பன்னிரண்டு மணிக்கு இரண்டு முனையிலும் ஒரு துண்டு நுழைந்தது. மூன்று மணிக்கு ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு துண்டு நுழைந்தது.

அந்த ஏழு துண்டையும் உருவிக் கையில் வைத்து மறுபடியும் எண்ணினார். வெளிக் கண்ணாடி வெயிலில் சுட்டு விரிகிறது. உள் கண்ணாடி குளிரில் சுருங்குகிறது. ஓரத்தில் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. வளைவதைத் தவிர அது வேறென்ன செய்யும்? வளையவும் விடாமல் நாலு பக்கமும் கவ்விப் பிடித்தது அவருடைய சட்டம். இறுக்க இறுக்க அது உடைவதற்கே தயாராகிக்கொண்டிருந்தது. உளி பட்டது ஒரு சாக்கு.

கோப்பிலிருந்து இங்கிலீஷ் தாளை எடுத்தார். ஓரத்தில் தம் கையெழுத்தைப் பார்த்தார். ‘நம் ஊருக்கு வேண்டாம்.’

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வரைந்தார். சுற்றிலும் இரண்டு நூல் இடம். கண்ணாடி உட்காரச் செருப்புக்கு அடிக்கும் மெத்தென்ற ரப்பரில் சிறு துண்டுகள். இரண்டு முகத்திலும் அதே ரப்பர் பட்டை. மக்கு கிடையாது. ஓரக் கட்டை கண்ணாடியைத் தாங்கும், நெரிக்காது. மழை உள்ளே வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று கீழ்ச் சட்டத்தைச் சரிவாக்கி, தண்ணீர் வடிய இரண்டு துளையும் போட்டார். பஞ்சாங்கத் துண்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மூன்றாவது கண்ணாடி வெயிலுக்கு வளைந்தது, இரவில் நிமிர்ந்தது, அந்த வருஷத்து மழையையும் அடுத்த வருஷத்து மழையையும் பார்த்தது. ஒரு கீறல் இல்லை. கம்பெனி அதிகாரி கையைப் பிடித்துக் குலுக்கினார். வித்துராவுக்கு மேலே ஒரு எஸ்டேட் மருத்துவசாலைக்கும் அதே மாதிரி கேட்டு ஆள் வந்தது. பட்டறையில் அதற்குத் ‘தாணுச் சட்டம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவருக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மென்று விழுங்கிக்கொண்டார்.

மாதம் ஒருதரம் பஸ் ஏறிப் பாறசாலைக்குப் போவார். கையில் ஒரு சீப்பு ஏத்தம்பழம். சுவாமிதாஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். வந்தவர் யார் என்று காலடியிலேயே தெரிந்துவிடும். கண்ணைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒவ்வொரு தரமும் ஒரே கேள்விதான்.

“சாரே, நீங்க பக்கத்துல நின்னு பாத்த ஆளு. உளிய நான் இப்பிடித்தானே வச்சேன்?” வலது கையில் ஒரு துடைப்பக் குச்சியை உளியைப் போலப் பிடித்துக் காட்டுவார். “சாய்ச்சுத்தான் வச்சேன். கண்ணாடில முட்டல்ல. எங்க பிசகிச்சு?”

“விட்டுத் தள்ளும் சுவாமிதாசு. நடந்தது நடந்துபோச்சு.”

“இல்ல சாரே. எங்கன்னு தெரியணும். இருவத்தேழு வருசம் பிசகாத கை.”

எங்கே என்று அவருக்குத் தெரியவே இல்லை. தெரியாததால் கையையே வெறுத்துவிட்டார். தேவாலயத்தில் எல்லார் முன்னாலும், இந்தக் கையால் இனி தச்சு ஆயுதம் தொடுவதில்லை, தொட்டால் நாளை இன்னொருவன் கண்ணையும் எடுக்கும் என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்கப்புறம் சோற்றைக்கூட இடது கையால் பிசைந்து உண்டார். தாசம்மாள் கல்லுடைக்கப் போனாள்.

நாலு வருஷம் இப்படியே போயிற்று. 1956இல், மாநிலம் பிரிந்தால் எல்லை எங்கே வரும், எந்தத் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம், தாசம்மாள் கரமனைப் பட்டறைக்கு வந்து நின்றாள். இருமி இருமி எலும்பாகியிருந்தாள்.

“சாரே, பார்வை இல்லாதவங்களுக்குத் தச்சுவேலை குடுக்க ஒரு எடம் இருக்குன்னு பாஸ்டர் சொல்லுதாரு. கை இருந்தா போரும், தடவிப் பாத்தே செய்யலாமாம். இவரு மாட்டேங்காரு. பிசகின கைன்னு ஒரே பிடிவாதம். எனக்கு இனி கல்லு தூக்க ஏலாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு. நீங்க பக்கத்துல நின்ன ஆளில்லியா?”

பிள்ளைக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அன்று வீட்டில் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் சிவகாமியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் எச்சில் இலையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

“மாசாமாசம் அங்க போயிட்டு வந்து எங்கூட உக்காந்து சாப்பிட்டியளே” என்றாள்.

மறுநாள் பூதலிங்கம் பிள்ளையிடம் போனார்.

“அண்ணாச்சி, பிசகு அவன் கையில இல்ல. எனக்க படத்துல. அத நான் அவன்கிட்ட சொல்லப்போறேன். எழுதியும் குடுப்பேன்.”

“நாலு வருசம் கழிச்சா ஓய் ஒமக்குப் புத்தி வந்தது? ஊருபூரா ஒம்ம சட்டம்னு பேரு. அதுல மண்ணள்ளிப் போடப்போறீரா? போடும். ஆனா அங்க போய்ச் சொல்லிட்டு இங்க திரும்பி வராண்டாம்.”

பிள்ளை வரைபலகையிலிருந்து தம் பென்சிலை மட்டும் எடுத்துக்கொண்டார். மூலையில் மாதிரிக்கென்று ஒரு முழ அளவில் செய்து வைத்திருந்த தாணுச் சட்டம் ஒன்று, சாதாக் கண்ணாடி மாட்டியது, கிடந்தது. அதையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். பழம் வாங்கத் தோன்றவில்லை.

சுவாமிதாஸ் வழக்கம்போலச் சுவரில் சாய்ந்திருந்தார். பிள்ளை சட்டத்தை அவர் மடியில் வைத்தார். இடது கை மட்டும் தடவத் தொடங்கியது. தேக்கு என்று அறிந்தது. ஓரக் கட்டையைத் தொட்டது. ரப்பர் பட்டையில் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக வலது கையும் மேலே வந்தது. கட்டைவிரல் நகம் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் இறங்கி, நாலு பக்கமும் தட்டில்லாமல் சுற்றி வந்தது.

“இடம் விட்டிருக்கு” என்றார். “ரெண்டு நூல்.”

“ஆமா.”

“இப்பிடி மாட்டின பொறவு ஒடையல்லியோ?”

“ஒடையல்ல. நாலு வருசமா ஒரு கீறல் இல்ல. நீரு சொன்னதுதான் சரி சுவாமிதாசு. கண்ணாடி பொருமத்தான் செஞ்சுது. நான் நெரிச்சு வச்சிருந்தேன். நீரு உளிய சரியாத்தான் வச்சீரு. ஒம்ம கை பிசகல்ல.”

தாசம்மாள் வாசல்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சுவாமிதாஸின் நகம் இன்னொரு சுற்று வந்தது.

“சாரு இத எப்பம் அறிஞ்சீங்க?”

போன வாரம் என்று சொல்லிவிடலாம். யார் கண்டார்கள்? பஸ்ஸில் வரும்போது அந்தப் பொய்யைக்கூட ஒருதரம் நினைத்துப் பார்த்திருந்தார். நாக்கு நுனிவரை அது வந்தது.

“ஒமக்குக் கண்ணு போன மறுமாசம்.”

சுவாமிதாஸ் நகத்தைச் சட்டத்திலிருந்து எடுத்தார்.

“மாசாமாசம் வந்தீங்க. பழம் கொண்டுவந்தீங்க. எங்க பிசகிச்சுன்னு ஒவ்வொரு தடவையும் ஒங்ககிட்டதான் கேட்டேன்.” அவர் குரல் உயரவே இல்லை. “கண்ண எடுத்தது கண்ணாடி சாரே. அதுக்கு அறிவில்ல. எனக்க கைய எடுத்தது நீங்கதான்.”

தாணுமாலயம் பிள்ளை அழுதார். நாற்பத்தொன்பது வயது மனிதர், இன்னொருவர் வீட்டு மண் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை. தேற்றுவதற்கு அங்கே என்ன இருந்தது?

சுவாமிதாஸ் சட்டத்தைத் திருப்பினார். ஒரு மூலையில் விரல் நின்றது. மறுபடியும் தடவினார்.

“இந்த மூலை பொருத்தம் யாரு செஞ்சது? மயிரிழை தூக்கி நிக்குது.” பிறகு உள்பக்கம் திரும்பினார். “தாசம்மா, பெட்டிக்குள்ள சின்ன உளி கெடக்கும். எடு.”

அவள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். நாலு வருஷத்துத் துரு. சுவாமிதாஸ் அதை வேட்டி முனையால் துடைத்தார். வலது கையில் பிடித்தார். கட்டைவிரலால் அதன் முனையைத் தடவிப் பார்த்தார். இடது கையால் அந்த மூலையைத் தேடிப் பிடித்து, உளியை அங்கே சாய்த்து வைத்தார்.

“நீங்க போலாம் சாரே” என்றார். “இனி வராண்டாம்.”

பிள்ளை எழுந்தார். முற்றத்தைத் தாண்டி இடவழியில் இறங்கும்போது உளி மரத்தில் படும் சத்தம் கேட்டது. ஒரு தட்டு. வெகுநேரம் கழித்து இன்னொரு தட்டு. அதற்கப்புறம் எவ்வளவு நேரம் நின்றும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்க்கும் உரிமை தமக்கில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பஸ் வரும் வழியைப் பார்த்து நடந்தார்.